அது வெங்காயம் இல்லை

டாஃபடில் கிழங்கைப் பார்த்துவிட்டு யாராவது வெங்காயம் மாதிரி இருக்கிறதே என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். சொன்னவர் பெரியவராக இருந்தாலும் விடமாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் எழுந்துபோக விடுவேன். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, நம் ஊர் வெயிலில் பூக்கவே பூக்காத ஒரு செடியின் மேல் இத்தனை உரிமை எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேலி செய்வார். அந்தக் கிழங்குக்காக, நவராத்திரி சமயத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில், எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மறியல் செய்தவள் நான். உரிமை சும்மா வரவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கோயில் குளத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில், இரண்டாவது மாடி ஃபிளாட்டில் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். எங்கள் வீட்டுக்குள் வெங்காயம் நுழையாது. நவராத்திரிக்கு மட்டும் என்று இல்லை, வருஷம் முழுக்கவே நுழையாது. அப்பா ஆபீஸிலிருந்து வரும் வழியில் மசால் தோசையை ஒரு பிடி பிடித்துவிட்டு, வாயில் பாக்கைப் போட்டு மென்றுகொண்டே மாடியேறுவார். அது பெரியம்மாவுக்குத் தெரியும். வெங்காயம் வயிற்றுக்குள் உட்கார்ந்து வீட்டுக்குள் வந்தால் அவளுக்கு ஆட்சேபணை கிடையாது. கையில் பையோடு வரக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு ஓர் அத்தை உண்டு. அப்பாவுக்குத் தங்கை. அதுவரை நான் அவளைப் பார்த்ததெல்லாம் அப்பாவின் ஃபோனில்தான். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசும்போது அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அத்தை இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை பார்த்து, அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். தாத்தா போன பிறகு அவளை வளர்த்துப் படிக்கவைத்தது பெரியப்பாதான். அவர் திட்டவில்லை, கத்தவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். கல்யாண வீடுகளில் யாராவது தங்கையைப் பற்றிக் கேட்டால், “லண்டன்ல வேலையா இருக்கா” என்பார். வேலை உண்டு, புருஷன் கிடையாது என்கிற மாதிரி ஒரு பதில். லண்டனும் கிடையாது. அத்தை இருந்தது லண்டனிலிருந்து வெகுதூரத்தில், ஆடுகளும் ஆப்பிள் மரங்களும் நிறைந்த ஏதோ ஒரு கிராமப்புறத்தில்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அத்தை வந்தாள். கணவர் வரவில்லை. பெசன்ட் நகரில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கினாள். கொலு வைத்த வீட்டுக்கு யார் வந்தாலும் வா என்றுதான் சொல்ல வேண்டும், குங்குமம் கொடுத்துத் தாம்பூலம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். எதிரியானாலும் அப்படித்தான். அத்தை இதையெல்லாம் நன்றாக யோசித்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூளை உள்ளவள் அவள்தான் என்று அம்மா சொல்வாள்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், கொலு பார்க்குக்குப் புல் வாங்க வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா என்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொலுப்படிக்குக் கீழே மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவைத்து, உடைந்த கண்ணாடியில் குளம் செய்து நாங்கள் அமைக்கும் பார்க் முழுக்க என் இலாகா. மற்ற படிகளில் பொம்மையை நகர்த்தக்கூட எனக்கு அனுமதி இல்லை. பார்க்கில் நான் வைத்ததுதான் சட்டம். தெருவில் வேறு எந்த வீட்டுப் பார்க்கிலும் இல்லாத ஒன்று அந்த வருஷம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன்.

அத்தை மணலில் உட்கார்ந்து ஃபோனில் படம் காட்டினாள். மரத்தடி முழுக்க மஞ்சள் பூ.

“டாஃபடில்தானே? எங்க புக்ல இருக்கு. ஆனா அது நல்ல மஞ்சளா, பெருசா இருக்கும். இது ஏதோ சோகை புடிச்ச மாதிரி இருக்கே” என்றேன்.

“உன் புக்ல இருக்கறது தோட்டத்துல வளக்கறது. இது காட்டு டாஃபடில், தானா வர்றது” என்றாள் அத்தை. “நன்னா பாரு. வெளில ஆறு இதழ், வெளிர் மஞ்சள். நடுவுல குழல் மாதிரி நீட்டிண்டு இருக்கு பாத்தியா, அது மட்டும் அழுத்தமான மஞ்சள். ரெண்டு மஞ்சளும் ஒரே மாதிரி இருந்தா, அனேகமா அது யாராத்துத் தோட்டத்துலேர்ந்தோ தப்பிச்சு வந்ததா இருக்கும்.”

நான் விடவில்லை. இலை எப்படி இருக்கும், எத்தனை உயரம், வாசனை உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இலை பட்டையாக, வார் மாதிரி, சாம்பல் பூத்த பச்சையில் இருக்குமாம். செடி என் முழங்காலுக்குக்கூட வராதாம். ஒரு தண்டுக்கு ஒரே பூ. அதுவும் நேராக நிற்காமல் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும். மொட்டாக இருக்கும்போது மேலே மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கும். பூத்த பிறகு அது காய்ந்து காகிதம் மாதிரி பூவின் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

“கிழங்குல விஷம். அதனால ஆடு வாய் வெக்காது. இல்லேன்னா எங்க தோப்புல ஒண்ணு மிஞ்சியிருக்காது.”

“உங்க தோப்பா?”

“என் மாமியாரோடது. பொறந்தாத்துக்குப் போறியே, என்ன எடுத்துண்டு போறேன்னு கேட்டா. உன்னோட பார்க்கைப் பத்தி நான் சொல்லியிருக்கேன். உடனே மண்வெட்டியை எடுத்துண்டு போய் அவாளே தோண்டிக் குடுத்தா.” அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, “இன்னொண்ணு சொல்லட்டுமா? அடுத்த வசந்தத்துல வரப்போற பூ இப்பவே கிழங்குக்குள்ள இருக்கு. நெடுக்க அறுத்தா தெரியும்” என்றாள்.

“பொய்” என்றேன்.

“போடி” என்றாள் அத்தை. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் மறக்காமல் புல்லும் வாங்கினோம்.

மறுநாள் விளக்கு வைக்கும் வேளைக்கு அத்தை பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகையோடு வந்தாள். பெரியம்மா வாசலுக்கே வந்து, “வாம்மா. என்னடி இப்படி இளைச்சுப் போயிட்டே” என்று கன்னத்தைத் தொட்டாள். பொய்யில்லாத பிரியம் அது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை உள்ளே வைத்தாள். அதற்குள் நான் அவள் கையிலிருந்த காகிதப் பையைப் பிடுங்கிக்கொண்டு கூவினேன்.

“பெரியம்மா, பார்க்குல வெக்கறதுக்கு! அத்தையோட மாமியார் குடுத்து அனுப்பியிருக்கா!”

கூடத்தில் பெரியப்பாவின் பேப்பர் சரசரப்பு நின்றது. பெரியம்மா கையை அத்தையின் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பொருள் வந்தால், வாங்கிக்கொண்டு பதில் மரியாதை செய்வது எங்கள் வழக்கம். வாங்கிக்கொண்டால் அதைச் சம்பந்தி வீடு என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அதைக் கொலுவில் வேறு வைத்துவிட்டால், பார்க்க வருகிற மாமிகள் அத்தனை பேரும் ஏது என்று கேட்பார்கள், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டிவரும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பெரியம்மா பைக்குள் எட்டிப் பார்த்தாள் என்பது மட்டும்தான்.

“இது என்ன, வெங்காயமா?” என்றாள்.

“இல்லை. டாஃபடில்.”

“என்ன டில்லோ. எனக்கு வெங்காயமாத்தான் தெரியறது. அம்பாள் ஆவாஹனம் பண்ணியிருக்கற ஆத்துல வெங்காயம் வரப்படாது. நீ உள்ள வாம்மா. அந்தப் பையை மட்டும் ஷூ ஸ்டாண்ட் மேல வெச்சுடு.”

அத்தை உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டாள்.

“பரவால்ல மன்னி. நான் எடுத்துண்டு போயிடறேன்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு போகிறாளா, அவளே போகிறாளா என்று புரியவில்லை. இரண்டையும் விட எனக்கு மனசில்லை. என் பார்க், என் டாஃபடில், என் அத்தை. நடுவில் ஒரு அநியாயமான வெங்காயம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் சப்பென்று உட்கார்ந்தேன்.

“எழுந்திருடி! விளக்கு வெச்ச நேரத்துல வாசப்படில உக்காரலாமா?”

“இது உள்ள வந்தாத்தான் நானும் உள்ள வருவேன்.”

“ஏண்டா, பேசாம நின்னுண்டிருக்கியே” என்று பெரியம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, “மன்னி, அது வந்து…” என்று ஆரம்பித்து அங்கேயே நின்றார். அது எங்கேயும் வந்து சேரவில்லை. அம்மா சுண்டல் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்னை எழுப்ப அவள் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த அத்தனை லட்சணங்களையும் எடுத்துவிட்டேன். ஆறு இதழ், நடுவில் குழல், இரண்டு மஞ்சள், சாம்பல் பச்சை இலை. பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாம் சரி. இதுல எந்த இதழ் இருக்கு, எந்த இலை இருக்கு? எனக்குக் காட்டு” என்றாள். நியாயமான கேள்வி. என் கையில் இருந்ததெல்லாம் பழுப்புத் தோலும் காய்ந்த வேருமாக, அசல் வெங்காயம் மாதிரியே இருந்த கிழங்குகள். ஆத்திரத்தில் என் கடைசி ஆயுதத்தை வீசினேன்.

“வெங்காயம்னா சாப்பிடலாம். இதைச் சாப்பிட முடியாது. இது விஷம்!”

“ஐயையோ!” என்று பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். “விஷத்தையா குடுத்து அனுப்பியிருக்கா?”

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். என் கட்சி படுத்துவிட்டது.

சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் ஆன்ட்டி கதவைத் திறந்தார். திருநெல்வேலிக்காரர்கள், தி.நகரில் துணிக்கடை வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் வெங்காயம் வதக்கும் வாசனை வந்தால் நான் வேண்டுமென்றே வராந்தாவில் நின்று விளையாடுவேன். இதைவிடச் சிறந்த சாட்சி எனக்குக் கிடைக்காது என்று ஒரு கிழங்கை அவரிடம் நீட்டினேன்.

“ஆன்ட்டி, இது வெங்காயமா? நீங்க சொல்லுங்க!”

அவர் வாங்கிப் புரட்டினார். நகத்தால் தோலைக் கீறி முகர்ந்தார். “பாத்தா உள்ளி கணக்காத்தான் இருக்கு. நாங்க தினம் உரிக்கோம்லா” என்றார். உள்ளி என்றால் அவர்கள் ஊரில் வெங்காயம். பெரியம்மா முகத்தில் வெற்றி. “ஆனா வாசமே இல்லையே பாப்பா” என்றார் அடுத்து. என் முகத்தில் வெற்றி. “சீமை உள்ளியோ என்னமோ, யாரு கண்டா? அந்த ஊருக்காரவுக வாசத்தை எல்லாம் எடுத்திருப்பாவ” என்று சொல்லி, இரண்டு கட்சிக்கும் உதவாமல் கிழங்கைத் திருப்பிக் கொடுத்தார். கதவை மட்டும் மூடவில்லை.

அப்போதுதான் அத்தை கடற்கரையில் சொன்னது ஞாபகம் வந்தது. “அறுத்துப் பாக்கலாம்! உள்ள பூ இருக்கும்!”

“என் அரிவாள்மணைல அதெல்லாம் அறுக்கப்படாது” என்றாள் பெரியம்மா உடனே. கத்தியும் கூடாது. ஒருவேளை வெங்காயமாக இருந்துவிட்டால், தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கத்தி அவள் சமையலறைக்குத் திரும்ப முடியாது. என் பென்சில் பாக்ஸில் பென்சில் சீவுகிற பிளேடு இருந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டுவந்து என் தலைக்கு மேலாக அத்தையிடம் நீட்டினாள். கூடவே ஒரு பழைய பேப்பரும்.

அத்தை பட்டுப்புடவையோடு ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நானே அறுப்பேன் என்று அடம்பிடித்தேன். பிளேடை அவள் கையும் என் கையும் சேர்ந்து பிடித்தன. நான் குறுக்கே வைத்தேன். “அப்படி அறுத்தா வளையம் வளையமாத்தான் தெரியும். நம்ம கேஸ் தோத்துடும்” என்று காதில் சொல்லி, கிழங்கைத் திருப்பி நெடுக்க வைத்தாள். கெட்டியாக இருந்தது. அழுத்த அழுத்த, வழவழவென்று நீர் கசிந்து, ஒருவழியாக இரண்டாகப் பிளந்தது.

வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காகச் சதை. நடுவில், கீழேயிருந்து எழுந்து, அரிசி மணி அளவில் வெளிறிய மொட்டு ஒன்று. தூங்குகிற மாதிரி இருந்தது.

“பாருங்கோ! பாருங்கோ! எந்த வெங்காயத்துக்குள்ள மொட்டு இருக்கு?” என்று கத்தினேன். “வாசனையும் இல்லை. யாருக்காவது கண்ணு எரியறதா? சொல்லுங்கோ! வெங்காயம்னா இந்நேரம் எல்லாரும் அழுதுண்டு இருக்கணும்!”

யாருக்கும் எரியவில்லை. எதிர் ஃபிளாட் ஆன்ட்டி குனிந்து பார்த்து, “ஆமா, பூவுல்லா இருக்கு” என்றார். பெரியம்மா பார்த்தாள், கூடத்தின் பக்கம் திரும்பினாள். அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பெரியப்பா வந்தார். நான் வாசற்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவருக்கு வழிவிடக்கூட நகரவில்லை. அவர் என்னைத் தாண்டாமல், படிக்கு உள்பக்கமாகவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பிளந்த கிழங்கை வெகுநேரம் பார்த்தார். நிமிராமலேயே கேட்டார்.

“இதை அவாளே தோண்டினாளா?”

வந்ததிலிருந்து அவர் அத்தையிடம் பேசிய முதல் வார்த்தை. எத்தனையோ வருஷத்தில் முதல் வார்த்தை என்று இப்போது சொல்ல வேண்டும்.

“ஆமாண்ணா” என்றாள் அத்தை. “முட்டி வலி அவாளுக்கு. சொன்னா கேக்கல.”

“வயசானவாளோ?”

“உங்களைவிடப் பெரியவா.”

பெரியப்பா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “பையை உள்ள எடுத்துண்டு போய் உன் பார்க்குல வை” என்றார். அப்புறம் பெரியம்மாவிடம், “தாம்பூலம் ரெண்டா கட்டு” என்றார்.

“ரெண்டா?” என்றாள் பெரியம்மா.

“இவளுக்கு ஒண்ணு. இவ மாமியாருக்கு ஒண்ணு.”

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “தேங்காயை ப்ளேன்ல விடுவாளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தேங்காய்களைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது. நல்ல காயாகத் தேடினாள் போலிருக்கிறது.

அந்தக் கிழங்குகள் நவராத்திரி முடியும்வரை கண்ணாடிக் குளத்துக்குப் பக்கத்தில், கடுகுச் செடிகளுக்கு நடுவே கம்பீரமாக இருந்தன. வந்த மாமிகள் எல்லோரும் என்ன வெங்காயம் என்று கேட்டார்கள், ஒவ்வொருவரோடும் நான் தனித்தனியாகச் சண்டை போட்டேன். அப்புறம் அவற்றை ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் வைத்துக் குளிரூட்டி, தை மாதம் தொட்டியில் நட்டேன். இலை விட்டது. சாம்பல் பூத்த பச்சைதான், வார் மாதிரிதான். பூக்கவில்லை. மெட்ராஸ் வெயில் அதற்குமேல் விடவில்லை. அதனால் என்ன? அது டாஃபடில்தான். பிற்பாடு அந்தத் தோப்புக்கே நேரில் போய் இரண்டு மஞ்சளையும் சரிபார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் அன்றைய சாயங்காலத்தை இன்னும் முடிக்கவில்லை. கட்சி ஜெயித்த பெருமையோடு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அத்தையும் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தால், அவள் அறுத்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பாடுபட்டு நிரூபித்ததை ஒரு நிமிஷத்தில் கெடுக்கப் பார்க்கிறாளே!

“அத்தை, கண்ணைத் துடை! பெரியம்மா பாத்தா வெங்காயம்னு சொல்லிடுவா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் சிரித்தாள், இன்னும் அதிகமாகக் கொட்டியது. உதவிக்கு நிமிர்ந்து பார்த்தேன். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தையின் கையிலிருந்த பாதிக் கிழங்கைக் குனிந்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.